வாட்டம் பார்த்துப் போன சைக்கிள்

வீட்டில் தளம் போட்டு முடித்ததும் கொத்தனார் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து பார்ப்பார். தண்ணீர் எங்கும் தேங்காமல் மூலைக் குழாய்க்கு ஓடிவிட்டால், "வாட்டம் சரியா இருக்கு" என்று எழுந்துவிடுவார். அந்தச் சரிவு நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சைக்கிள் மிதிக்கிறவன் முழங்காலுக்கும் அது தெரியும் என்பதைத் திருநெல்வேலிச் சீமையில் மேற்கே போகும்போதுதான் கண்டுகொண்டேன்.

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் வரைக்கும் பஸ்ஸில் போனால் ஒரே சமதரை. சைக்கிளில் போய்ப் பாருங்கள். ஊருக்கு ஊர் தரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போகும். மேடு ஏறுகிறோம் என்று எந்த இடத்திலும் தோன்றாது, ஆனால் சேரன்மகாதேவி வரும்போது தொடை சொல்லிவிடும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும்வரை ஏறக்குறைய 125 கிலோமீட்டர் ஓடுகிற தாமிரபரணிக்கு வழிகாட்டி இந்த வாட்டம்தான். இங்கே இருக்கிற வயலும் குளமும் ஊரும், என்றோ யாரோ அந்த வாட்டத்தைச் சரியாகப் பார்த்ததால் வந்தவை. இந்த ஆனியில் ஐந்து நாள் சைக்கிளில் சுற்றிவிட்டு வந்தேன். யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: நெல்லைச் சீமையைப் பார்க்க வேண்டுமென்றால் நாலுவழிச் சாலையை விட்டுவிட்டு வாய்க்காலைப் பிடியுங்கள்.

ஆனி, ஆடியில் மேற்கே சைக்கிளா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வெறுங்காற்றாகப் பாய்ந்து வரும் மாதங்கள் இவை. ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். மேற்கே போகிறவனுக்கு எதிர்காற்று, திரும்புகிறவனுக்குப் பின்காற்று. போகும்போது பட்ட பாட்டைக் காற்று வரும்போது வட்டியோடு திருப்பித் தந்துவிடும் என்பது என் கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு. கார் நெல் பருவத்துக்கு அணை திறக்கிற நேரம் இது. காய்ந்து கிடந்த வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் பார்க்க வேறு மாதம் கிடையாது.

சைக்கிள், பழையதாக வாங்கிய இரும்புச் சட்டக் கியர் சைக்கிள். பின்னால் கேரியர், அதில் இரண்டு பக்கமும் தொங்குகிற மாதிரி தார்ப்பாய்ப் பை. உள்ளே இரண்டு டியூப், பம்ப், ஸ்பேனர், ஒரு செட் மாற்றுத்துணி, துண்டு, ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டி. இதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

எந்தப் பயணம் போனாலும் முதலில் சுலோசன முதலியார் பாலத்தில் போய் ஆற்றைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த ஒருவர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-ல் திறந்த பாலம். நெல்லையையும் பாளையையும் இன்றும் சேர்த்து வைத்திருக்கிறது. பாலத்தின் பாளைப் பக்கம் கொக்கிரகுளம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காக ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர், 1999 ஜூலை 23 அன்று, இந்த ஆற்றில்தான் உயிரை விட்டார்கள். அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடமாவது நிற்காமல் என்னால் போக முடிவதில்லை. அன்றைக்கும் நின்றேன். அப்புறம் மேலப்பாளையம் வழியாக அம்பாசமுத்திரம் ரோட்டைப் பிடித்தேன்.

முன்னீர்பள்ளம் வரை ரோட்டோடு போகலாம். தருவைப் பக்கம் ஒரு வாய்க்கால் கரை கண்ணில் பட்டதும் அதில் ஏறிவிட்டேன். பத்து நிமிடத்தில் பின்சக்கரம் தரையைத் தேய்க்க ஆரம்பித்தது. உடைமுள். வாய்க்கால் கரையில் போகிறவன் கட்டவேண்டிய சுங்கம் அதுதான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் வேப்பமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினார். குமிழி வந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி ஆறவைத்து, ஒட்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார். வேலை முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. டயருக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகத் தடவியபடியே ஒரு சுற்று வந்தார். முக்கால் சுற்றில் விரல் நின்றது. இடுக்கியால் பிடித்து இழுத்தார். அரிசி நீளம் முள், நுனி மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"டியூப ஒட்டிட்டு முள்ள உள்ள விட்டுட்டா அடுத்த மைல்ல மறுபடி இறங்குவிய. எங்கன போறிய?"

"பாபநாசம் அண்ணாச்சி. அங்கேருந்து தென்காசி."

"வாய்க்கா கரையிலயா? அப்ப தெனமும் காலையில இந்தமாதிரி ஒரு தடவ தடவிப் பாத்துட்டு ஏறுங்க."

ஐந்து நாளும் அப்படியே செய்தேன். வெளிப்பக்கம் தடவினாலே பாதி முள் அகப்பட்டுவிடும். மறுபடி பஞ்சர் ஆகவில்லை.

பிராஞ்சேரிக் குளத்துக் கரையில் மூச்சு வாங்க நின்றபோது துண்டைத் தலையில் கட்டியிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து சைக்கிள் பையைத் தொட்டுப் பார்த்தார். என்ன விற்கிறேன் என்று கேட்டார். ஒன்றும் விற்கவில்லை, ஊர் பார்க்கப் போகிறேன் என்றதும் அவருக்கு என் பயணத்தைவிடப் பெரிய காரியம் ஒன்று இருந்தது.

"மேக்க போறியளா? அணையில தண்ணி தொறந்தாச்சான்னு தெரியுமா தம்பி?"

இரண்டொரு நாளில் திறப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன் என்றேன்.

"அணையில இத்தன அடி, அத்தன அடின்னு தெனமும் போடுதான். எங்க மடைக்கு என்னைக்கு வரும்னு எந்தப் பேப்பர்ல போடுதான்? நாத்துப் பாவணுமா வேண்டாமான்னு நான் எதை வச்சு முடிவு பண்ண?"

அவர் கேட்டதில் முழு நியாயம் இருக்கிறது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் உயரம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ஆனால் கடைமடைக்காரனுக்கு அடிக்கணக்கால் என்ன பயன்? தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து 86,000 ஏக்கருக்கு மேல் பாய்கின்றன. கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பிராஞ்சேரி, கன்னடியன் கால்வாயின் கடைசிப் பக்கம். மேலே இருக்கிற குளமெல்லாம் வயிறு நிறைந்த பிறகுதான் இங்கே வரும்.

அந்தக் கன்னடியன் கால்வாய்க்கு ஊரில் ஒரு கதை உண்டு. கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் தன்னிடம் இருந்த செல்வத்தையெல்லாம் ஊருக்கு ஒரு கால்வாய் வெட்டச் செலவழிக்க நினைத்தார். எந்த வழியே வெட்டுவது என்று தெரியவில்லை. அகத்தியரிடம் கேட்டார். ஒரு பசு வரும், அதன் பின்னாலேயே போ, அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விடுகிற இடத்தில் மடை வை, படுக்கிற இடத்தில் குளம் வெட்டு என்று முனிவர் சொன்னாராம். சின்ன வயதில் ஆச்சி சொல்லிக் கேட்டபோது இது எனக்கு வெறும் சாமிக்கதை. சைக்கிளில் அந்தக் கரையோடு போன அன்றுதான் கதைக்குள் இருக்கும் வேலைக்காரனின் அறிவு தெரிந்தது. மாடு தேவையில்லாமல் மேடு ஏறாது. நெட்டுக்குத்தாக இறங்கவும் செய்யாது. நிலத்தில் எது இளஞ்சரிவோ அதைத் தேடித்தான் கால் வைக்கும். மட்டம் பார்க்கிற கருவி வராத காலத்தில், தண்ணீர் வேகம் பிடித்துக் கரையை அரிக்காமலும், தேங்கி வண்டல் மூடாமலும் ஒரு கால்வாயை இத்தனை தூரம் கொண்டுபோனவர்கள் மாட்டின் காலைக் கவனித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அவர்கள் தேர்ந்த அந்தச் சரிவு சைக்கிளுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. கரையை விட்டு ரோட்டுக்கு ஏறினால் கியர் மாற்ற வேண்டியிருக்கிறது. கரைக்குத் திரும்பினால் ஒரே கியர் போதும்.

பத்தமடையில் வெயிலுக்கு ஒதுங்கினேன். ரிஷிகேஷ் சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். இரண்டாம் எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டுக்குப் போன பாயும் இந்த ஊர்ப் பாய்தான். நான் தண்ணீர் கேட்டு நின்ற வீட்டுத் திண்ணையிலேயே ஓர் அம்மா நெய்துகொண்டிருந்தார். ஆற்றோரம் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து எடுக்கிறார்கள். அதை அவர் பிளேடால் கீறுவதைப் பார்த்தேன். ஒரு கோரை இரண்டாகி, இரண்டு நாலாகி, கடைசியில் கையில் இருந்தது கோரை என்றே சொல்ல முடியாத, தலைமுடிக்குக் கொஞ்சம் தடிமனான இழை. தரையோடு தரையாகக் கட்டிய பருத்திப் பாவில் அதை மேலும் கீழும் கோத்து அச்சுக்கட்டையால் இழுத்து அடிக்கிறார். மூன்று இழை போட்டதும் ஒரு தடவை விரலால் தடவுகிறார். பஞ்சர் கடைக்காரர் டயருக்குள் தடவிய அதே தடவல். கல்யாணப் பாய், பெண் மாப்பிள்ளை பெயரைப் பாயிலேயே நெய்யவேண்டுமாம். "பட்டுப் பாய்னா துணி மாதிரி மடிக்கலாம் தம்பி. ஆனா நெய்ய மாசக்கணக்காகும். பிள்ளைகள் உக்கார மாட்டேங்குதுக" என்றார். நான் பார்த்த அரைமணி நேரத்தில் பாய் ஒரு விரல் அகலம் கூட வளரவில்லை.

காருகுறிச்சியில் மண்பானை அடுக்கி வைத்திருந்த வீடுகளைத் தாண்டும்போது, அந்த ஊர்ப் பெயரை நாதஸ்வரத்தோடு சேர்த்து நாடறியச் செய்த அருணாசலத்தை நினைத்துக்கொண்டேன். வீரவநல்லூரில் வடக்கே திரும்பினேன். திருப்புடைமருதூருக்குப் போகாமல் இந்தச் சீமையைச் சுற்றியதாகச் சொல்லக்கூடாது.

கடனாநதி தாமிரபரணியில் வந்து சேரும் இடம் அது. ஆற்றங்கரையில் மருதமரங்கள், நடுவில் நாறும்பூநாதர் கோயில். லிங்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் வெள்ளம் போனபோது கருவூர்ச் சித்தர் எதிர்க்கரையில் நின்று கூப்பிட்டாராம். அவர் குரலைக் கேட்கச் சாமி தலையைச் சாய்த்தது, அப்படியே இருந்துவிட்டது என்பார்கள். பக்தி இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். கூப்பிட்ட குரலுக்குச் செவி சாய்த்த சாமி என்று ஒரு ஊர் தன் தெய்வத்தை நினைத்து வைத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. கோபுரத்தின் உள்ளே ஐந்து நிலைகளிலும் மரச்சிற்பமும் சுவரோவியமும். முன்பு ஒருமுறை அனுமதி வாங்கி ஏறிப் பார்த்திருக்கிறேன். குறுகலான மரப்படி, வௌவால் வாடை, டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும் சிவப்பும் மஞ்சளும். ராமாயணக் காட்சிகளுக்கு நடுவே ஒரு கப்பல், கப்பல் முழுக்கக் குதிரைகள். கடல்தாண்டி வந்த குதிரைகளை மலையடிவாரத்துக்கு இத்தனை பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். இந்த ஆறு முடிகிற இடத்தில் துறைமுகம் இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்தானே. இந்த முறை மேலே ஏறவில்லை, படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊர் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005-ல் இதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். நான் போன நேரத்தில் கொக்குகள் மட்டும் எச்சத்தால் வெள்ளையடித்த கிளைகளில் இருந்தன.

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வாசனையோடு அந்தி வந்தது. இந்த ஊர்க் குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் களவுபோன நடராசர், ஆஸ்திரேலியாவில் ஒரு காட்சிக்கூடத்தில் இருந்து 2019-ல் திரும்பி வந்தார். 37 வருடம் ஊரைப் பிரிந்திருந்த சாமி. பாலம் தாண்டி அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் ரூம் எடுத்து, இரண்டு தோசையும் கருப்பட்டிக் காப்பியும் சாப்பிட்டுப் படுத்தவன் விடியும்வரை புரளவில்லை.

இரண்டாம் நாள் பாபநாசம். விக்கிரமசிங்கபுரம் வரை வெயில், அதற்குமேல் மலை நிழல். அருவியின் விசையை நம்பி வெள்ளைக்காரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். மலையடிவாரத்தில் இவ்வளவு பெரிய ஆலைத் தெரு எப்படி வந்தது என்று யோசிக்கிறவர்களுக்குப் பதில் அந்தத் தண்ணீர்தான். கோயிலுக்கு மேலே செக்போஸ்ட், அதற்குமேல் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஏறக்கூடாத இடம். புலிக்கும் யானைக்கும் விட்ட இடத்தில் சைக்கிள் மணி அடிக்க எனக்கும் ஆசையில்லை. அகத்தியர் அருவிக்கு மேலே இருக்கிற கல்யாண தீர்த்தத்தில்தான், மகளைக் காப்பாற்றப் போய் வ.வே.சு. ஐயர் 1925-ல் உயிரிழந்தார். அவர் நடத்திய குருகுலம் முந்தைய நாள் நான் தாண்டி வந்த சேரன்மகாதேவியில் இருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப்போட்டது. அந்தச் சண்டையின் சூடு ஆறும் முன்பே இப்படியொரு முடிவு.

படித்துறையில் இறங்கினால் காலில் தண்ணீருக்கு முன்னால் துணி சிக்குகிறது. பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மலையிலிருந்து இறங்கின முதல் படித்துறையிலேயே, இத்தனை மாவட்டம் குடிக்கிற ஆற்றுக்கு நாம் செய்கிற மரியாதை இது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எந்தச் சாமியும் இதைக் கேட்டிருக்காது. கைக்கு எட்டிய நாலைந்து துணியைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டுக் குளித்தேன்.

திரும்பும் வழியில் பிரம்மதேசம், திருவாலீஸ்வரம். திருவாலீஸ்வரத்து விமானத்தில் இருக்கும் சிற்பங்களைக் கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். வயலுக்கு நடுவே, ஆள் அரவமில்லாமல், 'மூன்று கை மகாசேனை' என்ற சோழர் காலத்துப் படையின் கல்வெட்டோடு நிற்கிற கோயில். பிரம்மாண்டமான கோயில்களில் எனக்குக் கிடைக்காத ஒரு நெருக்கம் இங்கே கிடைக்கிறது. எட்டிப் பிடிக்கிற உயரத்தில் இருக்கிறது எல்லாம்.

சாயங்காலம் கன்னடியன் அணைக்கட்டுக்குப் போனேன். பிராஞ்சேரிப் பெரியவர் மனதை விட்டுப் போகவில்லை. அங்கே ஷட்டரைக் கவனிக்கிற ஊழியரான லஸ்கர், காலையில்தான் ஷட்டரைத் தூக்கியதாகச் சொன்னார். வாயைத் திறந்த கால்வாயில் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பிராஞ்சேரிக்கு எப்போது போகும் என்று கேட்டேன். "அது வழியில குளம் குடிக்கிறதப் பொறுத்தது" என்றார். பெரியவரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளத் தோன்றாமல் போனதே என்று அன்று இரவு முழுக்க உறுத்தியது.

மூன்றாம் நாள் காற்று. அம்பையிலிருந்து ஆழ்வார்குறிச்சி, பொட்டல்புதூர், கடையம் வழியாகத் தென்காசி 35 கிலோமீட்டர் இருக்கும். இடது கைப்பக்கம் மலை கூடவே வருகிறது. கடனாநதி அணை, ராமநதி அணை இரண்டும் அந்த மலைமடியில்தான். பொட்டல்புதூர் பள்ளிவாசலைத் தூரத்தில் பார்த்தால் கோயில் என்றே நினைப்பீர்கள். கோயில் கட்டுகிற கைகளே அதையும் கட்டியிருக்கவேண்டும். எல்லாச் சாதி சனமும் வந்து நேர்ந்துகொள்கிற இடம். கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியிலிருந்து வெளியே வந்த பாரதி 1918 முதல் இரண்டு வருடம் இங்கே இருந்தார். இந்த மலையையும் இந்தக் காற்றையும்தான் அவர் தினமும் பார்த்திருப்பார் என்று நினைத்ததும் கால் கொஞ்சம் லேசானது.

கடையம் தாண்டியதும் காற்று முழு முகத்தோடு மோதியது. எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பதற்கு மேடு ஏறுவதைவிடப் பொறுமை வேண்டும். மேட்டுக்கு ஒரு உச்சி உண்டு, காற்றுக்கு அது கிடையாது. தலையைக் குனிந்து, முதுகைத் தாழ்த்தி, சின்ன கியரில் போட்டு, வேகத்தைப் பற்றிய நினைப்பையே விட்டுவிட வேண்டும். இன்னொரு சைக்கிள்காரர் இருந்தால் மாறி மாறி முன்னால் போகலாம். எனக்கு முன்னால் வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர் வந்தது. மூன்று கிலோமீட்டர் அதன் மறைவில் போனேன். ஓட்டிய பையன் திரும்பிப் பார்த்துவிட்டு, "பின்னாலயே வாங்க அண்ணாச்சி, மெதுவாவே போறேன்" என்றான். அவன் வேறு ரோட்டில் திரும்பியபோது உறவுக்காரனை வழியனுப்பின மாதிரி இருந்தது.

தென்காசிக் கோபுர வாசலில் அந்தக் காற்று கதவு மாதிரி நின்று மறிக்கிறது. வேட்டியைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். பராக்கிரம பாண்டியன் 1446-ல் கட்டத் தொடங்கிய கோயில். பழைய கோபுரம் பிளந்து, மொட்டையாகவே நெடுங்காலம் நின்றது. இப்போது இருப்பது 1990-ல் குடமுழுக்கு கண்டது. அந்தப் பாண்டியன் கல்வெட்டில் ஒன்று சொல்லியிருக்கிறான்: இந்தக் கோயிலுக்கு ஒரு குறை வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும், அவர்களை உலகறிய இப்போதே பணிகிறேன் என்று. தான் கட்டியது ஒருநாள் சிதையும் என்று தெரிந்த அரசன், பெயர் தெரியாத ஒரு கொத்தனாரின் காலில் முன்கூட்டியே விழுந்திருக்கிறான். அந்தக் காற்றில் நின்றுகொண்டு இதை நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

நான்காம் நாள் விடியுமுன் கோட்டைவாசல் ஏற்றம். செங்கோட்டை 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர். ஊருக்குள் நுழையும் வளைவு இன்னும் அந்தக் காலத்துச் சங்கு முத்திரையோடு நிற்கிறது. புளியரை வயலின் பச்சையைப் பார்த்ததும் மலைக்கு அந்தப் பக்கத்து மழை இங்கே கொஞ்சம் ஒழுகியிருப்பது தெரிகிறது. அதன்பின் எஸ் வளைவு. இங்கே மட்டும் வாட்டம் கண்ணுக்கே தெரிகிறது, மிதித்தால் மூச்சுக்கும் தெரிகிறது. பத்து நிமிடம் மிதித்து, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி மிதித்தேன். எம்-சாண்ட் லாரிகள் வரிசையாக ஏறும் வழி இது. அவை நெருக்கும்போது சைக்கிளோடு மண்ணில் இறங்கி நின்றுவிடுவது நல்லது. கௌரவம் பார்க்கவேண்டாம். ஆறு மணிக்குள் ஏறிவிட்டால் லாரியும் குறைவு, பனிமூட்டமும் உண்டு. கீழே 1904-ல் வந்த கொல்லம் ரயில் பாதை மலையை வளைத்துக்கொண்டு போகிறது. அந்தப் பாதை போட்டவர்களும் சரிவைத்தான் தேடி அலைந்திருக்கிறார்கள். இறங்கும்போது பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள், ஒரேயடியாக அழுத்தினால் கட்டை சூடேறிப் பிடிக்காமல் போகும். குற்றாலத்தில் சாரலில் நனைந்து, பிரானூர் பார்டரில் பரோட்டாவோடு அந்த நாள் முடிந்தது.

கிழக்கே இன்னொரு பாதை இருக்கிறது. கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள், தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர்ப் பரம்பு, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரிப் புளியமரம். அதைத் தை, மாசியில் போகவேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, அந்தப் பக்கத்து ரோடும் குளக்கரையும் எப்படி உடைந்தன என்பதைப் பார்த்தவன் நான். அடைத்து வைத்த பழைய வாட்டத்தையெல்லாம் தண்ணீர் அந்த இரண்டு நாளில் நினைவு வைத்துத் தேடிப் போனது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் திரும்புகாலில் ஆலங்குளம் வழியாகப் போனால் 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி. ரோட்டை அகலப்படுத்த நிழல் மரங்களை வெட்டியதிலிருந்து அந்த வழியில் போக எனக்கு மனம் வருவதில்லை. அதோடு எனக்குக் கன்னடியன் கால்வாயில் வேலை இருந்தது. காற்று முதுகில் கைவைத்துத் தள்ள, இரண்டு நாள் முன்பு அரைநாள் மிதித்த தூரத்தை ஒன்றரை மணி நேரத்தில் இறங்கி அம்பைக்கு வந்தேன். கல்லிடைக்குறிச்சியில் கால்வாய் நிறையத் தண்ணீர். வீரவநல்லூரிலும் தண்ணீர். கரையோடு அதுவும் நானும் கிழக்கே போனோம். இரண்டு பேருக்கும் ஒரே சரிவு. சேரன்மகாதேவி தாண்டியதும் கால்வாயில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. முழங்கால், கணுக்கால், அப்புறம் அதன் தலையையே பார்த்தேன்.

தண்ணீரின் தலை ஆள் நடக்கிற வேகம்கூட இல்லை. சருகையும் பிளாஸ்டிக் டம்ளரையும் வாத்து இறகையும் நுரையோடு முன்னால் உருட்டிக்கொண்டு வருகிறது. வெடித்த மண்ணின் ஒவ்வொரு பிளவிலும் இறங்கி, குமிழிவிட்டு, நிரம்பி, அப்புறம்தான் அடுத்த அடி. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு கரையேறின. தவளை ஒன்று பிளவிலிருந்து வெளியே வந்து உட்கார்ந்தது. மண்வாசம் மழைக்கு வருகிற மாதிரி இல்லை, இன்னும் கனமாக இருந்தது. எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு அதை முந்திக்கொண்டு மிதித்தேன். காய்ந்த கால்வாய், பத்தமடை, மேலச்செவல், காய்ந்த கால்வாய்.

பிராஞ்சேரியில் பெரியவர் குளத்துக் கரையில் இல்லை. டீக்கடையில் அடையாளம் சொல்லி விசாரித்து வீட்டுக்கே போனேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"தாத்தா, சேர்மாதேவி தாண்டிருச்சு. என் கண்ணால பாத்துட்டு வாரேன்."

"தலை பாத்தியா? நெசமாவா?"

"பாத்தேன். நுரையோட வருது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். வாசலில் நின்று வடக்கே பார்த்துப் பேத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, விதைநெல் மூட்டையைப் பிரிக்கச் சொல்லு என்றார். என்னை இருக்கச் சொல்லிவிட்டு மடையைச் செதுக்கக் கிளம்பிவிட்டார். பேத்தி கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு, டயரை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டு நானும் ஏறினேன்.